கணினியின் மரண வாக்குமூலம்

எங்கள் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கு முன்னால் போன் வந்தால் ஒன்று துக்கச் செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் சிவகாசியிலிருந்து என் மைத்துனராக இருக்கும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

"அத்தான், சர்வர் மறுபடியும் செத்துப்போச்சு."

மைத்துனர் காலண்டர் அச்சகம் நடத்துகிறார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு மார்கழி வரைக்கும் சிவகாசி அச்சகங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. டிசைன் ஃபைல் எல்லாம் சர்வர் கணினியில் இருக்கிறது. அது உறைந்து நின்றால் பிளேட் எடுக்க முடியாது. பிளேட் இல்லாவிட்டால் மிஷின் சும்மா நிற்கும், கூலி மட்டும் ஓடும்.

மூன்று வாரத்தில் அது நான்காவது முறை. ரீசெட் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வரும். நான் போய்ப் பதிவுக் குறிப்புகளைப் பார்த்தேன். ராத்திரி 2 மணி 40 நிமிடம் வரைக்கும் ஒழுங்காக எழுதியிருக்கிறது, அடுத்த வரி காலையில் மறுபடி எழுந்தபோது எழுதியது. நடுவில் ஒரு எழுத்து இல்லை.

மைத்துனருக்கு அதில் சந்தேகமே இல்லை. "எல்லாம் அந்தப் பயல் வேலை அத்தான். ராத்திரி அதுல படம் பாக்குறான். வயரைப் பிடுங்கிட்டு போன் சார்ஜ் போடுறான். இந்த மாசச் சம்பளத்தோட அனுப்பிரப் போறேன்."

'அந்தப் பயல்' திருத்தங்கல் பக்கத்துக் கிராமம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் கணினி பழகினவன். டிப்ளமோ முடித்துவிட்டு, பகலில் வேறு வேலை தேடிக்கொண்டு, ராத்திரி ஷிப்டில் கணினியைக் கவனித்துக்கொண்டான். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னதற்கு வாசல் படியிலேயே நின்றுகொண்டு, "ஐயா, அவன் எதையும் தொடலைன்னு சாமி மேல சத்தியம் பண்றான்யா. திருட்டுப் பட்டம் மாதிரி ஒட்டிரும்யா. வேற எந்த ஆபீஸ்லயும் சேக்க மாட்டாங்க" என்றார்.

என் மனைவி காபி கொடுத்து அனுப்பினாள். எனக்கு அன்று மத்தியானத் தூக்கம் போய்விட்டது. அதற்குக் காரணம் இந்தப் பையன் மட்டும் இல்லை.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், இந்த ஊர்கள் எல்லாம் இன்னும் ராமநாதபுரம் மாவட்டமாக இருந்த காலத்தில் (விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்), ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கொடுத்திருந்தார்கள். பட்டாசு விபத்து அறிக்கைகளைச் சுத்தப் படி எடுக்க வேண்டும். 'விபத்துக்கான காரணம்' என்று ஒரு கலம் இருக்கும். அதில் என்ன வரும் என்று கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது: மருந்துக் கலவையின்போது உராய்வு, தொழிலாளியின் கவனக்குறைவு. அந்தத் தொழிலாளி செத்துப்போயிருப்பார். அறை தரைமட்டம். ஒருமுறை வருகைப் பதிவேட்டையே அந்த அறையில்தான் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதுவும் எரிந்துபோனது. அன்றைக்கு அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் சொல்லி இருந்தார்கள், எதுவுமே காகிதத்தில் இல்லை. இறந்தவரின் மனைவி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று, "அவர் தப்புன்னு மட்டும் எழுதாதீங்க சார்" என்றார். நான் குமாஸ்தா. கொடுத்ததைத் தட்டினேன். அந்தக் கலத்தை இப்போதும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு தட்ட முடியும்.

சுவடு இல்லாத விபத்தில் பழி எப்போதும் கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும். அச்சகத்து சர்வரிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

கணினிக்குப் பிரேதப் பரிசோதனை உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் சாவதற்கு முன்னாலேயே ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் இந்தக் கெர்னல் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், ஆங்கிலம் எனக்குப் பின்னால் வந்தது. கெர்னலுக்குப் பிரெஞ்சில் 'நுவாயோ' என்பார்கள். மாம்பழத்துக்குள் இருக்கும் கொட்டைக்கும் அதே சொல்தான். நாம் திரையில் பார்க்கும் எல்லாமே சதை. நடுவில் இருக்கும் கொட்டைதான் நினைவகம், வட்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகி. சதையில் ஒரு மூலை அழுகினால் அந்த ஒரு புரோகிராம் மட்டும் விழும். கொட்டையே வெடித்தால் எல்லாம் நின்றுவிடும். அந்தக் கணத்தில் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்து வைப்பதற்குத்தான் கிராஷ் டம்ப் என்று பெயர்.

யார் எடுப்பது என்பதில்தான் சிக்கல். பழைய யூனிக்ஸ் முறையில், சாகிற கெர்னலே தன் கையால் நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டுச் சாகும். மறுபடி எழுந்ததும் இன்னொரு புரோகிராம் அதை எடுத்துப் பத்திரப்படுத்தும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தி தடுமாறிய நிலையில் இருப்பவன் எழுதுகிற எழுத்து. வட்டை இயக்கும் பகுதியே கெட்டுப்போயிருந்தால்? தப்பான இடத்தில் எழுதி, நல்ல ஃபைல்களையும் அழித்துவிட்டுப் போகலாம்.

தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவரிடம் மரண வாக்குமூலம் வாங்குவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2024 வரைக்கும் அது 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 32-ஆம் பிரிவாக இருந்தது. மாஜிஸ்திரேட்டைக் கூப்பிடுவார்கள். பேசும் நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் சான்று தருவார். எழுதுவது மாஜிஸ்திரேட், நோயாளி எழுதுவதில்லை. அடிபடாத ஆள் எழுதினால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

லினக்ஸில் இந்த மாஜிஸ்திரேட் ஏற்பாட்டைச் செய்தவர்களில் நம் நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து, கணினியை அணைக்காமலே இன்னொரு கெர்னலுக்குத் தாவும் வித்தை ஒன்று உண்டு. அதன் பெயர் கெக்ஸெக். அமெரிக்காவின் எரிக் பீடர்மன் எழுதியது. அதை வைத்துக்கொண்டு ஐபிஎம் இந்தியாவில் இருந்த விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலானவர்கள் கேடம்ப் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். பீடர்மனும் இவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2005-இல் கனடாவின் ஒட்டாவா நகர லினக்ஸ் கருத்தரங்கில் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 2.6.13-இல் அது சேர்ந்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கணினி எழும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பூட்டிவிடுகிறோம். பெரிய கெர்னலுக்கு அந்த அறையில் வேலை இல்லை. அதற்குள் ஒரு சின்னக் கெர்னல், பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரியது வெடித்த நொடியில் கட்டுப்பாடு நேராக இதற்கு வரும். நடுவில் ரீசெட் கிடையாது, அதனால் நினைவகம் கலையாமல் கிடக்கும். ரீசெட் பட்டனை அழுத்துகிறவர்கள் கவனிக்க: அந்த அழுத்தலில்தான் சாட்சி போகிறது. சின்னக் கெர்னல் தன் சின்ன அறைக்குள்ளேயே இயங்கி, வெளியே கிடக்கும் முழு நினைவகத்தையும் ஒரு ஃபைல் போலப் படித்து வட்டில் எழுதிவிட்டு, பிறகு கணினியை ஒழுங்காக மறுபடி தொடங்கும்.

வருகைப் பதிவேட்டை மருந்து அறைக்கு வெளியே வைப்பது. அவ்வளவுதான் விஷயம்.

நானும் பையனும் உட்கார்ந்து ஏற்பாடு செய்தோம். எனக்கு ஓய்வுக்குப் பிறகு சீட்டாட்டத்துக்குப் பதில் லினக்ஸ் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கணினி எழும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் 'கிராஷ்கெர்னல்' என்று எழுதி, பக்கத்தில் எத்தனை எம்பி ஒதுக்க வேண்டும் என்று போட வேண்டும். கேடம்ப் கருவிகளை நிறுவ வேண்டும். ஒருமுறை மறுதொடக்கம். பிறகு சின்னக் கெர்னல் அறைக்குள் ஏறிவிட்டதா என்று கேட்டால் 1 என்று பதில் வர வேண்டும். 0 என்றால் அறை இருக்கிறது, ஆள் இல்லை.

1 வந்தது. அத்தோடு விட்டுவிடலாம் என்றார் மைத்துனர். நான் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்றேன். கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. ஓர் ஒற்றை எழுத்தை ஒரு குறிப்பிட்ட ஃபைலுக்கு அனுப்பினால் போதும், அங்கேயே விழுந்துவிடும்.

"நல்லா ஓடுற மிஷினை நாமளே கொல்லணுமாத்தான்?"

"ஆலை வாசல்ல மணல் வாளி தொங்குதே மாப்பிள்ளை. அதுல மணல் இருக்கான்னு எவனாவது பார்க்க வேண்டாமா?"

ஞாயிறு சாயங்காலம், மிஷின் எல்லாம் நின்ற பிறகு, ஃபைல்களுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பையனை விட்டே அந்த எழுத்தைத் தட்டச் சொன்னேன். திரை உறைந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தோம். சின்னக் கெர்னல் எழுந்தது, நாலு வரி ஓடியது, 'நினைவகம் போதவில்லை' என்று சொல்லிவிட்டு அதுவும் செத்தது. மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

128 எம்பி போதும் என்று எங்கோ படித்ததை நம்பி ஒதுக்கியிருந்தேன். 256 ஆக்கினேன். இரண்டாவது ஒத்திகையில் சில நிமிடம் எதுவுமே தெரியவில்லை. பிறகு தானாக மறுதொடக்கம் ஆனது. உள்ளே போய்ப் பார்த்தால் தேதியும் மணியும் போட்ட ஒரு கோப்புறை, அதில் டம்ப். கணினியில் இருப்பதோ 8 ஜிபி நினைவகம், ஃபைலோ அதில் ஒரு சிறு பங்கு. காலிப் பக்கங்களையும், புரோகிராம்களின் சொந்தத் தரவையும் வடிகட்டிவிட்டுக் கெர்னலுக்குச் சொந்தமானதை மட்டும் எழுதும் கருவி அது. ஒத்திகை பார்க்காமல் விட்டிருந்தால் நிஜச் சாவின்போது எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு காலிக் கோப்புறை.

அதன் பிறகு காத்திருப்பு. ஒரு சாவுக்காகக் காத்திருப்பது விநோதமான வேலை. சர்வரும் என்னவோ நல்ல பிள்ளையாக ஓடியது. அந்த நாட்களில் பையன் கேட்ட ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

"சார், இதே செட்டிங்கை உங்க வீட்டு சின்னப் பெட்டியில போட்டா வேலை செய்யுமா?"

என்னிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகைக் கணினி இருக்கிறது. அதில் இருப்பது ஏஆர்எம் வகைச் செயலி, நம் செல்போன்களில் இருக்கும் சாதி. அச்சகத்து சர்வரில் இருப்பது இன்டெல் வகை. அதே வரியை எழுதி, அதே கருவியைப் போட்டேன். கடைசியில் 0. அறையும் இல்லை, ஆளும் இல்லை. நோண்டிப் பார்த்தால், அந்தப் பலகைக்கென்று வந்த கெர்னலை வார்க்கும்போதே இந்த வசதியைச் சேர்க்கவில்லை. இன்டெல் வகைக்கு 2005-லேயே வந்த கேடம்ப், 64 பிட் ஏஆர்எம்முக்கு லினக்ஸ் 4.12-இல், 2017-இல்தான் வந்தது. கெர்னலில் வசதி வந்துவிட்டது என்பதும், கையில் இருக்கும் கெர்னலில் அது இருக்கிறது என்பதும் வேறு வேறு. அரசாணை போட்டதற்கும் தாலுகாவுக்கு வந்து சேர்ந்ததற்கும் உள்ள தூரம்தான்.

ஏன் செயலிக்குச் செயலி இப்படி மாற வேண்டும்? எனக்கும் முதலில் புரியவில்லை. கெர்னல் ஆவணத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு செயலிக்கும் எழுந்திருக்கும் பழக்கம் வேறு. அதுதான் காரணம்.

இன்டெல் வகைக்குப் பழைய வீட்டுச் சாபம் ஒன்று உண்டு. எந்தக் கெர்னல் எழுவதானாலும் நினைவகத்தின் முதல் 640 கேபி அதற்கு வேண்டும். 1981-ஆம் வருஷத்து ஐபிஎம் பிசி காலத்து எல்லைக்கோடு அது. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை. ஆனால் அந்த 640 கேபியில் செத்தவனுடைய சாமானும் கிடக்குமே? அதனால் முன்பெல்லாம் சின்னக் கெர்னல் உள்ளே கால் வைப்பதற்கு முன், அங்கே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்தார்கள். பிரேதத்தின் சட்டைப்பையில் இருந்ததை மகஜர் போட்டு எடுத்து வைப்பது போல.

ஐபிஎம்மின் பவர் வகையில் அந்த ஆரம்ப இடம் சிறியது. முதல் 32 கேபி இருந்தால் எழுந்துவிடும், ஆனால் பக்க அளவை உத்தேசித்து 64 கேபியை எடுத்து வைக்கிறார்கள். பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைத்திருக்கும் ஐபிஎம் மெயின்பிரேம் வகை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே விபத்து நடந்ததும், ஒதுக்கிய அறையையும் நினைவகத்தின் ஆரம்பப் பகுதியையும் அப்படியே இடம் மாற்றிவிடுகிறார்கள். பின்கட்டில் இருந்த ஆள் முன்வாசலுக்கு வந்துவிடுகிறான், முன்வாசலில் கிடந்த உடல் பின்கட்டுக்குப் போய்விடுகிறது. கெர்னல் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று குழம்ப வேண்டியதே இல்லை.

ஏஆர்எம்மில் இன்னொரு தினுசு. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பல பலகைகளில் கெர்னலுக்குக் கையில் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். சின்னக் கெர்னலுக்குக் கொடுக்கும் பட்டியலில், 'இந்த எல்லைக்குள் மட்டும் நீ புழங்கலாம்' என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். தவிர, ஏஆர்எம் கெர்னல்கள் நினைவகத்தை 4 கேபி பக்கமாகவும் நறுக்கும், 64 கேபி பக்கமாகவும் நறுக்கும். பெரிய பக்கம் என்றால் சின்னக் கெர்னலுக்கு ஒதுக்கும் அறையும் பெரிதாக வேண்டும். 256 என்பது எங்கள் அச்சகத்துக் கணக்கு. அதை மந்திரமாக எடுத்துக்கொண்டு யாரும் வேறு கணினியில் போட்டு ஏமாற வேண்டாம்.

பவர் கணினிகளில் கேடம்ப் தவிர இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். அங்கே கணினியின் ஃபர்ம்வேரே சாட்சியைக் காப்பாற்றுகிறது. கெர்னல் விழுந்ததும் ஃபர்ம்வேர் நினைவகத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, கார்டுகள் உட்பட எல்லாவற்றையும் ரீசெட் செய்து, புத்தம் புது நிலையில் கெர்னலை எழுப்பும். கேடம்ப்பில் ஓர் ஆபத்து உண்டு. கெர்னல் மாறினாலும், கிறுக்குப் பிடித்த நெட்வொர்க் கார்டு அப்படியே கிறுக்காகவே இருக்கும். பவர் முறையில் அந்த வில்லங்கம் இல்லை. டம்ப்பை எழுதி முடித்ததும் பிடித்து வைத்திருந்த நினைவகத்தை விட்டுவிடலாம் என்பது இன்னொரு சௌகரியம். பணக்கார வீட்டு வசதி, நமக்கு வாய்க்கவில்லை.

பையனுக்கு இதைவிட வேறொன்றில் ஆர்வம். சென்னை ஐஐடியில் சக்தி என்ற பெயரில் செயலிகளை வடிவமைக்கிறார்கள், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வகையைச் சேர்ந்தவை. 2018-இல் ஒரு சில்லை இன்டெல்லின் ஆலையிலும், இன்னொன்றைச் சண்டிகரில் நம் அரசின் ஆலையிலும் வார்த்தெடுத்தார்கள். "அதுல கேடம்ப் வருமா சார்?" என்றான். தேடினோம். ரிஸ்க்-ஃபைவ் வகைக்கு அது லினக்ஸ் 5.13-இல், 2021-இல் வந்திருக்கிறது. வேலை போகுமா இருக்குமா என்று நிற்கிறவன் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி சர்வர் விழுந்தது.

அன்று யாரும் ரீசெட்டை அழுத்த வேண்டியிருக்கவில்லை. சில நிமிடத்தில் தானே எழுந்துவிட்டது. மணி 3.12. பையன் எனக்குப் போன் செய்யவில்லை, விடியட்டும் என்று காத்திருந்து, முதல் பஸ் நேரத்துக்குச் செய்தான். குரல் நடுங்கியது. "சார், ஃபைல் வந்திருக்கு. நான் தொறக்கலை. நீங்க வந்து தொறங்க."

மைத்துனரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தேன்.

முதல் விஷயம், ஃபைல் இருப்பதே ஒரு சாட்சி. வயரைப் பிடுங்கினால் டம்ப் வராது, மின்சாரம் போனதும் நினைவகம் போய்விடும். ஆக, வயர் குற்றச்சாட்டு அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, கெர்னல் விழும்போது சொன்ன கடைசி வார்த்தைகள். படிக்கக் கூடாத முகவரியைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது. கீழே எந்த வேலைக்குள் எந்த வேலை என்று படிக்கட்டு மாதிரி ஒரு பட்டியல். படிக்கட்டின் உச்சியில், மூன்று மாதத்துக்கு முன் பிளேட் எடுக்கும் மிஷினுக்காக ஒரு டீலர் வந்து மாட்டிப்போன நெட்வொர்க் கார்டின் டிரைவர். அதே செய்தியில் 'டெயின்ட்டட்' என்று ஒரு சொல்லும், பக்கத்தில் சில எழுத்துகளும் இருந்தன. பையனுக்கு அது வழக்கமான இரைச்சல், தாண்டிப் போய்விட்டான். எனக்கு அந்தச் சொல் முகம் தெரிந்த சொல். பிரெஞ்சில் 'தேந்த்தே' என்றால் சாயம் ஏறியது. ஆங்கிலச் சொல்லும் பழைய பிரெஞ்சிலிருந்து போனதுதான். எதன் சாயம் என்று ஆவணத்தில் தேடினோம். அந்த எழுத்துகளில் 'ஓ' என்பது, கெர்னலோடு சேர்ந்து வராத வெளி டிரைவர் ஒன்று உள்ளே ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி. அச்சு மை ஊரில் வாழ்கிறவனுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

மூன்றாவதுதான் மைத்துனருக்காக. டம்ப்பை உள்ளே புகுந்து பார்க்க வேண்டுமானால், அதே கெர்னலின் பெயர்ப்பட்டியலோடு கூடிய பெரிய ஃபைல் ஒன்று வேண்டும். பதிப்பு ஒரு புள்ளி மாறினாலும் ஒத்துக்கொள்ளாது. அதை இறக்கவே பாதி நாள் போய்விட்டது. இறக்கியபின் 'கிராஷ்' என்ற கருவியில், சாகும் நொடியில் என்னென்ன புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டோம். பட்டியல் வந்தது. ஃபைல் பகிரும் சேவை, பிளேட் மிஷினுக்கு அனுப்பும் வேலை, வழக்கமான சில்லறை வேலைகள். படம் காட்டும் புரோகிராம் இல்லை. பிரௌசர்கூட இல்லை.

மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியல் முழுவதையும் விரல் வைத்துப் படித்தார். அவருக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் முழுவதும் படித்தார்.

ஒரு வாக்குமூலம் போதாது என்று கார்டை அப்படியே விட்டு வைத்தோம். எட்டு நாள் கழித்து இன்னொரு சாவு. அதே டிரைவர், அதே இடம். அன்றைக்கே கார்டைக் கழற்றி, கணினியோடு வந்த பழைய போர்ட்டில் கேபிளைச் செருகினோம். டீலரிடம் சொன்னதற்கு, டம்ப் ஃபைலை முழுவதும் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பவில்லை. என்னதான் வடிகட்டினாலும் அது நினைவகத்தின் பிரதி, பார்ட்டிக் கணக்கின் துணுக்கும் பாஸ்வேர்டும் அதில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது. கடைசி வார்த்தைகள் இருந்த எழுத்து ஃபைலை மட்டும் அனுப்பினோம். புது டிரைவர் வந்தது. மைத்துனர் அந்தக் கார்டை மறுபடி மாட்டவிடவில்லை.

மன்னிப்பு என்றெல்லாம் அவர் வாயில் வராது, பரம்பரையிலேயே கிடையாது. அந்த மாதம் பையனின் சம்பளக் கவர் கொஞ்சம் கனமாக இருந்தது என்று பிறகு தெரிந்தது. அவன் அம்மா மறுபடி வந்தார், இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். சீனி மிட்டாய் கொண்டுவந்திருந்தார். எனக்கு சர்க்கரை வியாதி என்று என் மனைவி சொல்வதற்குள் இரண்டைத் தின்றுவிட்டேன்.

கார்த்திகையில் ஒருநாள் மைத்துனர் போன் செய்தார். காலை ஆறுக்கு முன்னால்தான்.

"அத்தான், சர்வர் நல்லா ஓடுது. இப்ப ஒண்ணும் சாகலை."

"சந்தோஷம்."

"அந்த 256-ஐப் பூட்டி வச்சிருக்கோமே, அது சும்மாதானே கிடக்கு? திருப்பி எடுத்துக்கிட்டா டிசைன் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுமேன்னு பார்த்தேன்."

"மணல் வாளியைக் கழட்டிட்டா அந்த இடத்துல இன்னொரு பண்டல் காலண்டர் வைக்கலாம் மாப்பிள்ளை. வைக்கிறீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு என் அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். 256 இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை 1 வருகிறதா என்று பையன் பார்த்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறான்.